நட்சத்திரத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், வலிக்காகக் காத்திருங்கள்

மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் ஜோசியரிடம் கல்யாணத்துக்கு நாள் பார்க்கப் போகிறவர்கள் உண்டு. பிள்ளை பிறக்க நட்சத்திரம் பார்க்கப் போகிறவர்களும் உண்டு. நாள் குறித்தாயிற்றென்றால் அடுத்தது ஆபரேஷன் தியேட்டர்தான். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8. நான்காவது கணக்கெடுப்பில் மாநிலத்தின் மொத்த அளவே 34.1தான்.

பஞ்சாங்கத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. தலைப்பிரசவ வலி அரை நாள் நீளும், சில சமயம் ஒரு நாளும் ஆகும். புறநோயாளிகளையும் மற்ற கேஸ்களையும் பார்க்கும் டாக்டரால் அவ்வளவு நேரம் கட்டிலருகே நிற்க இயலாது. நிற்கக்கூடியவர் நர்ஸ்.

மத்திய அரசு 2018 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் அதைத்தான் சொல்கிறது. பிரசவ அனுபவமுள்ள நர்ஸுக்கு 18 மாதக் கூடுதல் பயிற்சி. படித்து முடித்தவர் ‘நர்ஸ் பிராக்டிஷனர் இன் மிட்வைஃப்ரி’. சிக்கலில்லாத பிரசவத்தை அவரே பொறுப்பேற்று நடத்தலாம். வலியில் இருப்பவளை மல்லாக்கப் படுக்கவைக்காமல் நடமாட விடுவது, ஒருக்களித்தோ குத்தவைத்தோ பெறச் சொல்வது, தேவையில்லாமல் கீழே வெட்டித் தையல் போடாதிருப்பது, சிசுவின் இதயத்துடிப்பை அவ்வப்போது தவறாமல் கேட்டுக் குறிப்பது, அம்மாவையோ அக்காவையோ பக்கத்தில் இருக்க விடுவது எல்லாம் இந்த வேலையில் அடக்கம். எந்தக் கட்டத்தில் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று அறிந்திருப்பது எல்லாவற்றிலும் முக்கியம். பிறகு காப்பர் டி, குடும்பநல ஆலோசனை. கருக்கலைப்பு இவர் கைக்கு வராது. 1971 கருக்கலைப்புச் சட்டமும் அதன் 2021 திருத்தமும் அதை டாக்டருக்கே வைத்திருக்கின்றன.

நர்ஸை நம்பி விட்டால் ஆபத்து என்று டாக்டர்களில் சிலர் சொல்கிறார்கள். சிக்கலான பிரசவத்துக்கு அது சரி. ஆனால், ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்ஸுகளை வைத்து 24 மணி நேரமும் பிரசவம் பார்த்துக் காட்டியது இதே மாநிலம்தானே!

என்னை உறுத்துவது இரண்டாவது பிள்ளை. ஒருமுறை அறுத்த கருப்பையில் அடுத்த கர்ப்பத்தின் நஞ்சுக்கொடி தழும்பின் மேல் ஒட்டி, பிரியாமல் போகலாம். அப்போது ரத்தப்போக்கு உயிரைக் கேட்கும். நல்ல நட்சத்திரம் பார்க்கும் குடும்பங்களுக்கு இதை யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. சொல்ல வேண்டியவரும் அந்த நர்ஸ்தான். அவரைப் பயிற்சி முடிந்ததும் காய்ச்சல் வார்டுக்கு மாற்றினால் 18 மாதமும் வீண்.

வளைகாப்பு முடிந்த கையோடு உங்கள் மருத்துவமனையில் இரண்டு கேள்வி கேளுங்கள்: இங்கே நூற்றுக்கு எத்தனை சிசேரியன்? வலி வந்தால் விடிய விடிய என் பெண்ணோடு இருக்கப்போவது யார்?