சூரியப் புயல் பெயரில் வரும் பயம்

2024 மே மாதம். தாம்பரம் சேலையூரில் எங்கள் தெரு வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு தகவல்: "சூரியப் புயல் வருகிறது. இரவு 12.30 முதல் 3.30 வரை போனை அணைத்துவிடுங்கள், கதிர் உடம்பைத் தாக்கும்." எதிர்வீட்டு அம்மா போனை அணைத்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். துபாயிலிருந்து மகன் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பதறிப்போய் விடியற்காலையில் என்னை அழைத்தார்.

புயல் வந்தது உண்மை. 2003-க்குப் பிறகு வந்தவற்றில் மிகக் கடுமையானது. லடாக்கின் ஹான்லேயில் இரவு வானமே சிவந்தது. உடம்பைத் தாக்கும் என்பதுதான் பொய். தரையில் இருக்கும் நம்மைக் காற்று மண்டலமும் பூமியின் காந்தப்புலமும் காக்கின்றன.

சூரியனின் காந்தத் துருவங்கள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை இடம் மாறுகின்றன. அந்தச் சமயத்தில் கரும்புள்ளிகள் பெருகும், வெடிப்புகளும் அவற்றால் வரும் சூரியப் புயல்களும் கூடும். இந்தப் புள்ளிகளைக் கொடைக்கானல் ஆய்வகம் நூறு ஆண்டுக்கும் மேலாகப் பதிவு செய்துவருகிறது. இப்போதைய சுழற்சி உச்சக்கட்டத்துக்கு வந்துவிட்டதாக 2024 அக்டோபரில் நாசா அறிவித்தது. இறங்குமுகத்திலும் பெரிய புயல் வரும். 2003-இல் வந்தது அப்படித்தான்.

அடி விழுவது செயற்கைக்கோளுக்கும் மின்கட்டமைப்புக்கும் உயரப் பறக்கும் விமானத்துக்கும். 2025 நவம்பர் இறுதியில், டிட்வா புயலுக்கு நாம் பயந்துகொண்டிருந்த அதே நாள்களில், கடும் சூரியக் கதிர்வீச்சு ஏ320 ரக விமானங்களின் கட்டுப்பாட்டுத் தரவைக் கெடுக்கக்கூடும் என்று ஏர்பஸ் அறிவித்தது. உலகெங்கும் சுமார் 6,000 விமானங்களில் மென்பொருளை மாற்ற வேண்டியிருந்தது. அவற்றில் 300-க்கும் மேற்பட்டவை இந்தியாவில்.

இப்படி ஒரு காரணத்தால் மீனம்பாக்கத்தில் உங்கள் விமானம் ரத்தானால், நிறுவனத்தின் கைமீறிய காரணம் என்று சொல்லி இழப்பீட்டை மறுக்க விதியில் இடமுண்டு. டிக்கெட் பணத்தை மறுக்க முடியாது. மாற்று விமானமோ முழுப்பணமோ தந்தாக வேண்டும். பணத்துக்குப் பதில் வவுச்சர் என்றால், நீங்கள் சம்மதித்தால்தான் செல்லும். ரத்துக் குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள்.

கதிரைத் தடுக்கும் ஸ்டிக்கர், டாலர் என்று விற்பவர்களிடம் ஏமாந்திருந்தாலும் ரசீது இருந்தால் புகார் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால், தாம்பரத்துக்காரர்கள் செங்கல்பட்டு நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. புயல் எச்சரிக்கை என்று வந்த லிங்கைத் தொட்டுப் பணம் போயிருந்தால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.