ஓங்கி உதைக்காதீங்க பாஸ்!

ரெண்டு கம்பம். நடுவுல ஒரு குறுக்குக் கம்பம். அதுக்கு மேல பந்து போகணும், அவ்வளவுதான். ‘ப்பூ... இதெல்லாம் ஒரு மேட்டரா?’னு நினைக்கிறீங்களா? நானும் அப்படி நினைச்சுதான் செங்கல்பட்டு பக்கம் நடந்த ரெண்டு நாள் ரக்பி முகாமில் பெயர் கொடுத்தேன். என் முதல் உதையில் பந்து பக்கவாட்டில் பறந்து, ஓரமா இருந்த வாட்டர் கேனைச் சாய்ச்சிடுச்சு. மொத்த கிரவுண்டும் சிரிச்சுது!

அது என்ன டிராப் கிக்?

ரக்பியில் எதிரணியின் கோட்டைத் தாண்டிப் போய் பந்தைத் தரையில் வெச்சா ‘டிரை’. அதுக்கு 5 புள்ளி. கூடவே போனஸா ஒரு உதை. பந்து ‘எச்’ எழுத்து மாதிரி நிற்கிற கோல் போஸ்ட்டில், 3 மீட்டர் உயரக் குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனா இன்னும் 2 புள்ளி. ஏழு பேர் ஆடும் ‘செவன்ஸ்’ ஆட்டத்தில் இந்தப் பந்தைத் தரையில் நிறுத்தி வெச்சு உதைக்க முடியாது. கையிலிருந்து விட்டு, அது தரையில் பட்டு எழும்பும்போது உதைக்கணும். அதுதான் டிராப் கிக்.

அமெரிக்கன் ஃபுட்பாலில் வரும் ‘ஃபீல்டு கோல்’ இதுக்குச் சொந்தக்காரன்தான். ரக்பி கம்பங்களுக்கு நடுவே 5.6 மீட்டர், அங்கே 18.5 அடி. கிட்டத்தட்ட ஒரே அளவு! அங்கே ஒருத்தர் பந்தைப் பிடிச்சுக்க, இன்னொருத்தர் உதைப்பார். டிராப் கிக் அங்கேயும் செல்லும், ஆனா யாரும் தொடுறதில்லை. 2006 ஜனவரி 1 அன்னிக்கு டக் ஃப்ளூட்டி ஒரு டிராப் கிக்கில் புள்ளி எடுத்தார். என்.எஃப்.எல்-லில் 1941-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. எவ்வளவு கஷ்டம்னு இப்போ புரியுதா?

‘இதெல்லாம் நம்ம ஊர் ஆட்டமா?’னு கேட்காதீங்க. 1878-ல் கல்கத்தா ரக்பி கிளப்பை மூடினப்போ, பேங்க்கில் இருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒரு கோப்பை செஞ்சாங்க. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்னிக்கும் அந்த ‘கல்கத்தா கோப்பை’க்காகத்தான் மோதுறாங்க. 2025 ஜூனில் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் கோப்பையைத் தூக்கியது நம்ம சென்னை புல்ஸ்!

தப்பு காலில் இல்லை

வாட்டர் கேன் சாய்ஞ்சதும் கோச் அண்ணா கிட்டே வந்து, “தம்பி, இனிமே உதைக்காதே. பந்தைக் கீழே மட்டும் விடு”ன்னார். ஒரு மணி நேரம் அதே வேலை. விடு, எடு, விடு, எடு. கடுப்பாதான் இருந்துச்சு. ஆனா, விஷயம் அங்கேதான் இருக்கு. முட்டை வடிவப் பந்து முனையில் நேரா விழுந்தாதான் நேரா எழும்பும். கொஞ்சம் சாய்ஞ்சு விழுந்தாலும் எந்தப் பக்கம் துள்ளும்னு அதுக்கே தெரியாது. அப்புறம் நீங்க எவ்வளவு ஓங்கி உதைச்சாலும் வேஸ்ட்!

எங்கே நின்னு உதைக்கிறதுன்னும் ஒரு கணக்கு இருக்கு. டிரை வெச்ச இடத்துக்கு நேரா பின்னால எவ்வளவு தூரம் வேணும்னாலும் போகலாம். ரொம்பக் கிட்டே நின்னா கோல் ஒடுங்கித் தெரியும், ரொம்ப தூரம் போனாலும் அப்படித்தான். ரெண்டு கம்பங்களும் எத்தனை மீட்டர் தள்ளி இருக்குன்னு பார்த்து, ரெண்டையும் பெருக்கி, ஸ்கொயர் ரூட் எடுங்க. 10 மீட்டர், 15.6 மீட்டர்னா, சுமார் 12.5 மீட்டர் பின்னால போனால் கோல் அகலமாத் தெரியும். எம்-1 பேப்பர் எதுக்குன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது!

மணலில் ஒரு பாடம்

ரெண்டாவது நாள் பஸ் பிடிச்சு மாமல்லபுரம். கடற்கரையில் ரெண்டு சவுக்குக் கம்பம் நட்டு, குறுக்கே கயிறு கட்டினோம். காய்ஞ்ச மணலில் பந்தை விட்டா ‘பொத்’துனு அப்படியே உட்கார்ந்துடுச்சு. அலை வந்து போன ஈர மணலில்தான் கொஞ்சமாவது எழும்பியது. அதுவும் முனையில் சரியா விழுந்தால்தான். முதல் நாள் மண் கிரவுண்டு மன்னிச்ச தப்பையெல்லாம் மணல் மன்னிக்கவே இல்லை. வேடிக்கை பார்த்துட்டிருந்த குப்பத்துப் பசங்க வெறுங்காலில் நாலாவது முயற்சியிலேயே கயிறைத் தாண்டிட்டாங்க. எனக்குப் பதினேழு ஆச்சு!

சாயங்காலம் ஏழு பேர் மேட்ச். 12-5-னு தோத்துட்டிருந்தோம். கடைசி நிமிஷத்தில் எங்க டீம் ஒரு டிரை. 12-10. நான் உதைச்சுத் தாண்டினா மேட்ச் டை. 30 செகண்டுக்குள் உதைச்சாகணும். எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க. வாட்டர் கேன் ஞாபகம் வந்துச்சு. அவசரமா விட்டேன், ஓங்கி உதைச்சேன். பந்து கயிறுக்குக் கீழே போயிடுச்சு.

யாரும் சிரிக்கலை. அதுதான் இன்னும் வலிச்சுது. கோச் அண்ணா மட்டும், “எங்கே தப்பு?”ன்னு கேட்டார். “கைதாண்ணா. சாய்ச்சு விட்டுட்டேன்”னேன். “நேத்து கேட்டிருந்தா காலுன்னு சொல்லியிருப்பே”ன்னு சொல்லி, பந்தைத் திரும்ப என் கையில் கொடுத்தார். இருட்டுற வரைக்கும் உதைச்சேன்.

2003 உலகக் கோப்பை ஃபைனலில் ஜானி வில்கின்சனும் சில டிராப் கிக்குகளைத் தவறவிட்டவர்தான். கூடுதல் நேரத்தின் கடைசி நிமிஷத்தில், அவருக்குப் பழக்கமில்லாத வலது காலால் ஒண்ணு உதைச்சார். இங்கிலாந்து 20-17-னு ஜெயிச்சுது.

நீங்க ரெடியா?

* தொடை, பின்னங்கால் தசைகளுக்கு வார்ம்-அப் செய்யாமல் உதைக்கவே கூடாது.
* பந்தின் ஒரு முனை கீழே, மறு முனை மேலே லேசா உங்க பக்கம் சாய்ஞ்சிருக்கட்டும். தூக்கிப் போடாதீங்க, விடுங்க.
* ஊன்றிய காலுக்குக் கொஞ்சம் முன்னால விழணும். எழும்பின உடனே பாதத்தின் மேல்பகுதியால் உதைங்க.
* பந்து போற வரைக்கும் தலையைத் தூக்காதீங்க. (‘போச்சா... போச்சா’னு பார்க்கிற ஆசைதான் முதல் எதிரி!)

முதல் பத்து உதை கண்டபடிதான் போகும். சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். வாட்டர் கேனை மட்டும் கொஞ்சம் தள்ளி வெச்சுடுங்க!