கூடுதல் பாகங்கள் பொருத்திய காரை ஜாக்கியில் உயர்த்துதல்

சக்கரம் மாற்றவோ பிரேக், சஸ்பென்ஷன் போன்றவற்றைப் பழுதுபார்க்கவோ காரின் ஒரு பகுதியைத் தரையிலிருந்து தூக்குவதற்கு ஜாக்கி பயன்படுகிறது. வாங்கிய பிறகு சைடு ஸ்கர்ட், முன்பக்க லிப், காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங் போன்றவை பொருத்தப்பட்ட கார்களில் இதற்குக் கூடுதல் கவனம் தேவை. காரின் எடை உடற்சட்டத்தின் வலுவான உலோகப் பகுதியில் மட்டுமே இறங்க வேண்டும்.

எடை தாங்கும் இடங்கள்

பல கார்களில் கதவுகளுக்குக் கீழே, இரண்டு தகடுகளைச் சேர்த்துப் பற்றவைத்த மெல்லிய விளிம்பு நீளவாக்கில் ஓடும். முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னும், பின் சக்கரத்துக்குச் சற்று முன்னும் இவ்விளிம்பில் இரண்டிரண்டு வெட்டுக்குறிகள் இருக்கும். அவற்றுக்கு இடைப்பட்ட பகுதியே ஜாக்கிக்கு உரிய இடம். காரின் கையேட்டில் இது படத்துடன் காட்டப்பட்டிருக்கும். ஆயில் சம்ப், சைலன்சர் குழாய், தரைத்தகடு ஆகியவற்றில் ஜாக்கி கொடுக்கக் கூடாது.

சைடு ஸ்கர்ட் உள்ள கார்கள்

சைடு ஸ்கர்ட் பிளாஸ்டிக்கால் அல்லது ஃபைபரால் ஆனது. எடை பட்டால் விரிசல் விடும். அது பெரும்பாலும் விளிம்பை விடக் கீழே இறங்கியிருப்பதால், ஜாக்கியின் தலை முதலில் அதன்மீதே படும். நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் கட்டையை ஜாக்கியின் தலையில் வைத்தால், விளிம்பு பள்ளத்துக்குள் அமரும், தகடும் வளையாது. கட்டையின் உயரம் ஸ்கர்ட்டின் தொங்கலை விட அதிகமாகவும், அகலம் ஸ்கர்ட்டில் உரசாத அளவிலும் இருக்க வேண்டும்.

தாழ்த்தப்பட்ட கார்கள்

இவற்றின் அடியில் சாதாரண டிராலி ஜாக்கி நுழையாது. சக்கரங்களைத் தட்டையான, உறுதியான மரப்பலகைகள்மீது ஏற்றி நிறுத்தினால் தேவையான இடைவெளி கிடைக்கும். உயரம் குறைந்த டிராலி ஜாக்கியும் உதவும். கார் உயரும்போது சக்கரம் கீழே தொங்குவதால், குட்டையான ஸ்பிரிங் தன் இருக்கையிலிருந்து விலகலாம். இறக்கும் முன் அது சரியாக அமர்ந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும். ஏர் சஸ்பென்ஷன் உள்ள கார்களில், உயரத்தைத் தானாகச் சரிசெய்யும் வசதியை முதலில் நிறுத்த வேண்டும்.

உயர்த்தும் முறை

1. சமமான, கெட்டியான தரையில் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, தூக்காத பக்கத்துச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கவும்.
2. சக்கரத்தைக் கழற்றுவதாயின், அது தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்தவும்.
3. கையேட்டில் முன்புறம் அல்லது பின்புறம் நடுவில் ஜாக்கி இடம் குறிக்கப்பட்டிருந்தால், டிராலி ஜாக்கியை அங்கே கொடுக்கவும். பக்கவாட்டு இடங்கள் ஸ்டாண்டுகளுக்குக் கிடைக்கும்.
4. மெதுவாக உயர்த்தவும். டிராலி ஜாக்கியின் கை வளைவாக மேலேறுவதால், அதன் சக்கரங்கள் தடையின்றி உருள வேண்டும். இல்லையெனில் தலை வழுக்கி ஸ்கர்ட்டில் இடிக்கும்.
5. ஸ்டாண்டுகளை வைத்து, எடையை அவற்றின்மேல் இறக்கிய பின்பே வேலையைத் தொடங்கவும்.

ஜாக்கி தூக்குவதற்கானது, தாங்கி நிற்பதற்கு ஸ்டாண்டு வேண்டும். ஹைட்ராலிக் ஜாக்கியின் சீல் கசிந்தால் கார் எச்சரிக்கையின்றி இறங்கிவிடும். எனவே ஜாக்கி மட்டுமே தாங்கும் காரின் அடியில் ஒருபோதும் நுழையக் கூடாது.

இறக்கும்போது

ஸ்டாண்டுகளை எடுத்தபின், ஸ்கர்ட்டும் லிப்பும் ஜாக்கியிலோ பலகையிலோ இடிக்காதவாறு பார்த்து மெல்ல இறக்க வேண்டும். சக்கரம் தரையைத் தொட்டதும், நட்டுகளை எதிரெதிர் வரிசையில், கையேட்டில் குறித்த அளவுக்கு முறுக்க வேண்டும். அலாய் சக்கரங்களில் 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் அந்த இறுக்கத்தை மீண்டும் சரிபார்ப்பது நல்லது.