ஜெயிச்சா ‘நாம’, தோத்தா ‘அவனுங்க’!

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், லைட்ஹவுஸ் குப்பம், பழவேற்காடு)



ஆண்டு மலர் என்றால் கவிதை, விடுகதை, சிரிப்புத் துணுக்கு, அம்மாவைப் பற்றி ஒரு கட்டுரை இதெல்லாம் இருக்கும். நான் எடுத்துக்கொண்டது ஃபுட்பால். அதிலும் ஜெயித்த கதை இல்லை, தோற்ற கதை. ஒரு கோலில் தோற்றதும் இல்லை. ‘செம அடி’ என்று சொல்வோமே, அந்த மாதிரித் தோல்வி. அப்படித் தோற்றால் ஆடியவனுக்கு என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஓரத்தில் நின்று விசில் அடித்த நமக்கு என்ன ஆகிறது? அதைத்தான் என் அறிவுக்கு எட்டியவரை விளக்கப் பார்க்கிறேன்.

இந்த வருடம் பாலிடெக்னிக்குகளுக்கு இடையிலான போட்டியில் நம் அணி அரை இறுதி வரை போனது உங்களுக்குத் தெரியும். அங்கே 6-0 என்று தோற்றதும் தெரியும். கால் இறுதியில் ஜெயித்த அன்று கேன்டீனில் கேட்ட பேச்சு, “நாம ஜெயிச்சிட்டோம் மச்சான்!” அரை இறுதிக்கு மறுநாள் அதே கேன்டீன், அதே பெஞ்சு, அதே வாய்கள். பேச்சு மட்டும் வேறு. “அவனுங்க ஆறு கோல் வாங்கிட்டு வந்திருக்கானுங்கடா!”

ஒரே வாரத்தில் ‘நாம’ எப்படி ‘அவனுங்க’ ஆனது?

நம் கோல் கீப்பருக்கு அன்றே ‘ஆறுமுகம்’ என்று பேர் வைத்தாகிவிட்டது. பொருத்தமான பேர்தான், சிரிக்காத ஆள் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவன் நாலு நாள் வகுப்புக்கு வரவில்லை. வந்த பிறகும் கிரவுண்டு பக்கம் போகவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

திங்கட்கிழமைச் சட்டை

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது நம் கல்லூரிக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. உலகம் முழுக்க இருக்கிறது, அதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் நம் ஃபுட்பால் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். அங்கே கல்லூரி அணிகள் ஆடுவதைப் பார்க்கவே லட்சம் பேர் உட்காரும் மைதானங்கள் இருக்கின்றன. ராபர்ட் சியால்டினி என்ற உளவியல் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 1973 சீசனில் ஏழு பல்கலைக்கழகங்களில் ஒரு எளிய வேலை செய்தார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் வகுப்பில் எத்தனை பேர் தங்கள் பல்கலைக்கழகப் பேரோ சின்னமோ போட்ட சட்டையில் வந்திருக்கிறார்கள் என்று எண்ணினார்கள். வார இறுதியில் அணி ஜெயித்திருந்தால் அந்தச் சட்டைகள் அதிகம். ஜெயிக்காத வாரம் குறைவு.

அடுத்து மாணவர்களுக்கு ஃபோன் செய்து ஒரு ஆட்டத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். ஜெயித்த ஆட்டம் என்றால் ‘நாங்கள்’ என்ற வார்த்தை அதிகமாக வந்தது. தோற்ற ஆட்டம் என்றால் குறைந்தது. இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. ஆட்டத்தைப் பற்றிக் கேட்கும் முன்பே ஒரு சின்ன வினாடி வினா வைத்து, சிலரிடம் ‘நன்றாகச் செய்தாய்’ என்றும் சிலரிடம் ‘மோசமாகச் செய்தாய்’ என்றும் சொன்னார்கள். மோசம் என்று கேட்டவர்களிடம்தான் இந்த வித்தியாசம் அதிகமாகத் தெரிந்தது. அதாவது தனக்கே ஒரு அடி விழுந்திருக்கும்போதுதான் மனுஷன் அடுத்தவன் வெற்றியில் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறான், அடுத்தவன் தோல்வியிலிருந்து வேகமாகக் கழன்று கொள்கிறான். இந்த ஆய்வு 1976-ல் வெளிவந்தது.

1986-ல் ஸ்னைடர் என்ற உளவியலாளரின் குழு இதன் மறுபக்கத்தைப் பார்த்தது. ‘உங்கள் குழு தோற்றுவிட்டது’ என்று சொல்லப்பட்டவர்கள், அந்தக் குழுவின் பேட்ஜை எடுத்துச் சட்டையில் குத்திக்கொள்ளத் தயங்கினார்கள். நம் கேன்டீனில் நடந்ததும் இதேதான். நம்மிடம் பேட்ஜ் இல்லை, அதனால் வார்த்தையைக் கழற்றிவிட்டோம்.

தமிழில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். இங்கிலீஷில் எல்லாவற்றுக்கும் ஒரே ‘வீ’. நமக்கு ‘நாங்க’ வேறு, ‘நாம’ வேறு. ‘நாங்க ஜெயிச்சோம்’ என்றால் கேட்கிறவனுக்கு அதில் பங்கில்லை. ‘நாம ஜெயிச்சோம்’ என்றால் அவனுக்கும் பங்கு உண்டு. கால் இறுதி அன்று பந்தைத் தொடாத நாம் எல்லோரும் பங்கு வாங்கிக்கொண்டோம். அரை இறுதியில் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

ஆறு கோல் என்றால் ஆறு மடங்கு மட்டமா?

‘ஒண்ணு ரெண்டுன்னா பரவாயில்ல, ஆறு வாங்கினா மன்னிக்க முடியுமா?’ என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஸ்கோர் எப்படி ஏறுகிறது என்று பார்ப்போம்.

2014 ஜூலை 8, உலகக் கோப்பை அரை இறுதி. பிரேசில் சொந்த நாட்டில், பெலோ ஒரிசான்டே நகரில், ஜெர்மனியோடு ஆடியது. முதுகெலும்பில் அடிபட்டு நெய்மார் இல்லை. மஞ்சள் அட்டைக் கணக்கில் கேப்டன் தியாகோ சில்வாவும் இல்லை. 11-வது நிமிஷம் முதல் கோல். அதற்குப் பிறகு 23, 24, 26, 29. ஆறே நிமிஷத்தில் நாலு கோல்! கடைசியில் 7-1.

இதை மெக்கானிக்கல் பையன்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம். ஒரு ஃபிளாஞ்சில் ஆறு போல்ட் இருக்கிறது. ஒன்று அறுந்தால் அது தாங்கிய லோடு மற்ற ஐந்தின் மேல் ஏறும். அடுத்தது சீக்கிரம் அறும். அதற்கடுத்தது இன்னும் சீக்கிரம். ஆறும் அறுந்து கிடப்பதால் ஆறுமே மட்டமான போல்ட் என்று ரிப்போர்ட் எழுத முடியுமா? ஃபுட்பாலும் அப்படித்தான். நாக்-அவுட் ஆட்டத்தில் பின்தங்கிய அணி சும்மா நிற்க முடியாது. கோல் போட்டே ஆக வேண்டும். அதனால் தடுப்பு ஆட்டக்காரர்களும் மேலே ஏறுவார்கள். பின்னால் இடம் காலியாகும். அந்தக் காலியிடத்தில் எதிரணி புகுந்தால் கோல் கீப்பர் தன்னந்தனி. நம் அரை இறுதியில் கடைசி மூன்று கோலும் இப்படித்தான் விழுந்தன. ஓரத்தில் நின்று பார்த்தவன் சொல்கிறேன். ‘மேல ஏறுங்கடா, மேல ஏறுங்கடா’ என்று கத்தியது நம் கூட்டம். ஏறினார்கள். பேர் மட்டும் கோல் கீப்பருக்கு.

பிரேசிலை 7-1 என்று அடித்த அதே ஜெர்மனி, ஐந்து நாள் கழித்து இறுதிப் போட்டியில் அர்ஜென்டினாவுக்கு எதிராக 90 நிமிஷம் ஒரு கோலும் போட முடியவில்லை. கூடுதல் நேரத்தில் 113-வது நிமிஷத்தில் ஒரே ஒரு கோல் போட்டு ஜெயித்தது. ஸ்கோர் என்பது அன்றைய ஆட்டத்தின் கணக்கு. ஆளின் எடைக் கணக்கு அல்ல.

அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்திலும் இப்படி ஒன்று உண்டு. டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழக அணி 2022 டிசம்பர் 31 அன்று அரை இறுதியில் மிச்சிகனை 51-45 என்று வீழ்த்தியது. ஒன்பது நாள் கழித்து, 2023 ஜனவரி 9-ல், இறுதிப் போட்டியில் ஜார்ஜியாவிடம் 65-7 என்று தோற்றது. அந்த ஆட்டத்தில் ஒரு டச்டவுனுக்கே 6 புள்ளி என்பதால் எண்கள் பெரிதாகத்தான் இருக்கும். ஆனாலும் 58 புள்ளி வித்தியாசம்! ஒன்பது நாளில் அந்தப் பையன்கள் ஆட்டத்தை மறந்துவிட்டார்களா என்ன?

அடுத்த ஆட்டம்

இப்போது நம்ம சென்னைக்கு வருவோம். 2014-ல் ஐ.எஸ்.எல். முதல் வருடம். லீகில் முதலிடம் நம் சென்னையின் எஃப்.சி.க்கு. அரை இறுதிக்கு இரண்டு ஆட்டம், இரண்டின் கோலையும் கூட்டிப் பார்ப்பார்கள். டிசம்பர் 13 அன்று கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸ் 3-0 என்று அடித்துவிட்டது. கதை முடிந்தது என்றுதான் யாரும் சொல்வார்கள். மூன்று நாள் கழித்து சென்னை நேரு ஸ்டேடியத்தில் 90 நிமிஷ ஆட்டத்துக்குள் சென்னை அணி அந்த மூன்றையும் திருப்பிப் போட்டது! மொத்தக் கணக்கு 3-3. கூடுதல் நேரத்தில் ஆட்டம் முடிய மூன்று நிமிஷம் இருக்கும்போது கேரளாவின் பியர்சன் ஒரு கோல் போட்டுவிட்டார். 4-3 என்று நாம் வெளியே. ஆனால் ‘அவனுங்க அவ்ளோதான்’ என்று டிக்கெட்டைக் கிழித்துப் போட்டு வீட்டிலேயே இருந்தவன், அந்த ராத்திரியைப் பார்க்கவில்லை.

அடுத்த வருடமே, 2015-ல், அதே சென்னை சாம்பியன். 2018-ல் மறுபடியும்.

இதை எதிர்ப்பக்கத்திலிருந்தும் பாருங்கள். 2020-ல் லீகில் முதலிடம் எஃப்.சி. கோவா. பிப்ரவரி 29 அன்று அரை இறுதி முதல் ஆட்டத்தில் சென்னை அவர்களை 4-1 என்று நொறுக்கியது. ஒரு வாரம் கழித்துக் கோவாவில் அவர்கள் 4-2 என்று ஜெயித்தார்கள். மொத்தம் 6-5. ஒரே ஒரு கோலில்தான் சென்னை தப்பியது. ‘நொறுங்கிய’ அணி ஒரு வாரத்தில் அவ்வளவு தூரம் எழுந்து வந்தது.

ஆனால் எல்லோருக்கும் இரண்டாவது ஆட்டம் அதே வாரத்தில் கிடைக்காது. நமக்கு அடுத்த வருடம்தான். அதுவரை அந்தப் பையன்கள் கிரவுண்டுக்கு வந்தால்தானே அடுத்த ஆட்டம்?

எங்கள் குப்பத்துக் கணக்கு

என் அப்பா கடலுக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டி வந்த முதல் ஆள் நான். எங்கள் குப்பத்தில் ஒரு படகு போய் வந்தால், டீசல் செலவு போக மிச்சத்தைப் பங்கு பிரிப்பார்கள். படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பங்கு. சில நாள் வெறும் வலை வரும். டீசல் காசு கூட நஷ்டம். அன்றைக்குக் கரையில் நிற்கிற பொம்பளைங்க என்ன சொல்வார்கள் தெரியுமா? ‘இன்னிக்கு நமக்குப் பாடு இல்ல.’ கடலுக்குப் போகாத பாட்டியும் ‘நமக்கு’ என்றுதான் சொல்லும். ‘அவனுங்க வெறும் வலையோட வந்துட்டானுங்க’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. பாடு வந்த நாளில் பங்கு கேட்கிறவன், பாடு இல்லாத நாளிலும் பங்காளிதான்.

போன செமஸ்டர் கணக்குப் பரீட்சை கஷ்டம் என்று வீட்டில் சொன்னேன். எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா கேட்டது, “நமக்கு மட்டுமா கஷ்டம், எல்லாருக்குமா?” ரிசல்ட் வர ஒரு மாதம் இருந்தது. பாஸா ஃபெயிலா என்று தெரியாமலே அம்மா ‘நமக்கு’ என்று சொல்லிவிட்டது. நம்மில் பாதிப் பேர் வீட்டில் இப்படி ஒரு அம்மா உண்டு. அந்த ஒரு வார்த்தை எவ்வளவு பலம் என்று நமக்குத் தெரியும்.

2014-ல் பிரேசிலில் க்ளோவிஸ் பெர்னாண்டஸ் என்ற ஒரு ரசிகர் இருந்தார். பெரிய மீசைக்காரர். நாடு நாடாகப் போய் பிரேசில் ஆடும் உலகக் கோப்பைகளைப் பார்த்தவர். 7-1 அன்று, கையில் வைத்திருந்த மாதிரிக் கோப்பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்ற அவர் படம் உலகம் முழுக்க வந்தது. ஆட்டம் முடிந்ததும் அந்தக் கோப்பையை ஜெர்மனி ரசிகை ஒருவரிடம் கொடுத்துவிட்டார். ஆனால் பிரேசில் சட்டையை அவர் கழற்றவில்லை.

கேலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை நண்பர்களே. கேலி இல்லாமல் கல்லூரி ஏது? சேர்ந்து கேலி செய்வோம். ‘நாம ஆறு வாங்கினோம்டா’ என்று சொல்லிச் சிரித்தால் அந்த ஆறில் ஆளுக்கு ஒரு துளி பங்கு போகும். ‘அவன் ஆறு வாங்கினான்’ என்றால் ஆறும் ஒருத்தன் தலையில்.

நம் கோல் கீப்பர் இரண்டாம் ஆண்டுதான். அடுத்த வருடமும் இங்கேதான் இருப்பான். அப்போது நான் டிப்ளமோ முடித்துப் போயிருப்பேன். இருக்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். சாயங்காலம் கிரவுண்டுக்குப் போங்கள், அவனையும் கூப்பிடுங்கள். கூப்பிடும்போது அவனுடைய சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.