மால்டாவின் நீலக் குகையும் பழங்கற்கோயில்களும்

மத்தியதரைக் கடலின் நடுவே, இத்தாலி நாட்டைச் சேர்ந்த சிசிலித் தீவிற்குத் தெற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில், மால்டா என்னும் சின்னஞ்சிறு நாடு அமைந்துள்ளது. மால்டா, கோசோ, கொமினோ முதலிய தீவுகளைக் கொண்ட இந்நாட்டின் பரப்பளவு 316 சதுர கிலோமீட்டர் மட்டுமே. அஃதாவது, சிங்கப்பூரின் பாதியளவுகூட இல்லை. எனினும், உலக மக்கள் தேடிச் சென்று காணும் இரு பெருஞ்செல்வங்கள் இந்நாட்டின் தென்கரையில் அருகருகே உள்ளன. ஒன்று கடல் செதுக்கியது. மற்றொன்று மனிதன் எழுப்பியது. அவ்விரண்டையும் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

மால்டாவின் தென்கரை செங்குத்தான பாறைகளால் ஆனது. அப்பாறைகளுக்கு இடையே கடல் நீர் ஒடுங்கி உட்புகும் ஒரு சிறு துறை உண்டு. அங்கிருந்து படகோட்டிகள் சிறு படகுகளில் பயணிகளை ஏற்றிச் செல்வர். மால்டா நாட்டு மீன்பிடிப் படகுகளின் முகப்பில் ஒரு சோடிக் கண்கள் வரையப்பட்டிருப்பதைக் காணலாம். அவை படகைத் தீங்கினின்று காக்கும் என்பது அம்மக்களின் நெடுநாளைய நம்பிக்கை. கடல் கொந்தளிக்கும் நாட்களில் இங்குப் படகுகள் புறப்படுவதில்லை. கடல் அமைதியாக இருப்பின், சிறிது நேரத்தில் படகு ‘நீலக் குகை’யை அடைந்துவிடும்.

குகையின் வாயிலில் சுமார் 30 மீட்டர் உயரமுள்ள பாறை வளைவு ஒன்று எழுந்து நிற்கிறது. உள்ளே நுழைந்ததும், நீர் விளக்கேற்றி வைத்தாற்போல் நீல நிறத்தில் ஒளிர்வதைக் காணலாம். இதன் காரணம் யாது? சூரிய ஒளியில் பல நிறங்கள் கலந்துள்ளன. ஒளி நீரினுள் செல்லும்பொழுது, சிவப்பு முதலிய நிறங்களை நீர் விரைவில் உட்கொண்டுவிடுகிறது. நீல நிறமோ நெடுந்தூரம் ஊடுருவிச் செல்கிறது. அந்நீல ஒளி, அடியிலுள்ள வெண்மணலில் பட்டு மேலே திரும்பி, குகையின் சுவர்களிலும் படர்கிறது. கதிரவனின் ஒளி நேரே உட்புகும் காலை வேளையே இதனைக் காண ஏற்ற நேரமாகும்.

இக்குகைகளைக் குடைந்தவை கடல் அலைகளே. மால்டா பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறையால் ஆகிய தீவு. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர், கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் ஓடுகள் அடித்தளத்தில் படிந்து இறுகி இப்பாறைகளாயின. அவற்றை அலைகள் இடைவிடாது மோதிக் கரைக்கின்றன. எனவே, குகையை ஆக்கிய கடலே அதனை அழிக்கவும் கூடும். கோசோத் தீவின் கரையில் புகழ்பெற்று விளங்கிய ‘நீலச் சாளரம்’ என்னும் பாறை வளைவு, 2017ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் புயலில் இடிந்து கடலில் மறைந்ததே இதற்குச் சான்றாகும்.

இனி, கரையேறி மேற்கு நோக்கிச் செல்வோம். சிறிது தூரத்தில், கடலைப் பார்த்தவாறு ஒரு மேட்டின்மீது ‘ஹஜார் இம்’ என்னும் பழங்கோயில் நிற்கிறது. அங்கிருந்து கடலை நோக்கிச் சுமார் 500 மீட்டர் சரிவில் இறங்கினால், ‘இம்னைத்ரா’ என்னும் மற்றொரு கோயிலை அடையலாம். இவை 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. எகிப்து நாட்டின் பெரிய பிரமிடு எழுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இவை கட்டப்பட்டுவிட்டன. அக்காலத்தில் அத்தீவினர் உலோகத்தை அறியார். கல்லாலும் கொம்பாலும் ஆகிய கருவிகளே அவர்களிடம் இருந்தன. அவற்றைக் கொண்டே, ஏறக்குறைய 20 டன் எடையுள்ள ஒற்றைக் கல்லையும் அவர்கள் நிமிர்த்தி வைத்தனர் என்பதை எண்ணும்பொழுது நம் உள்ளம் வியப்பில் ஆழ்கிறது.

இம்னைத்ராவின் தென்புறக் கோயிலில் மற்றொரு சிறப்பும் உண்டு. பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச், செப்டம்பர் மாத நாட்களில், உதயசூரியனின் கதிர்கள் வாயில் வழியே நேராகப் புகுந்து கோயிலின் உட்கோடி வரை செல்கின்றன. பகல் மிக நீண்ட நாளிலும், மிகக் குறுகிய நாளிலும், அக்கதிர்கள் வாயிலுக்கு உட்புறம் இரு பக்கங்களிலும் உள்ள கற்களின் விளிம்பில் விழுகின்றன. எழுத்தறியாத அம்மக்கள் கல்லினாலேயே நாட்காட்டி ஒன்றை அமைத்தனர் போலும்!

ஹஜார் இம் மென்மையான சுண்ணாம்புக் கல்லால் ஆகியது. இம்னைத்ராவின் வெளிச்சுவர்களோ கடினமான சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. ஆகவேதான் இம்னைத்ரா ஓரளவு நன்னிலையில் உள்ளது. மென்மையான கல் இத்தனை ஆயிரம் ஆண்டுகள் எவ்வாறு நிலைத்தது? மண்ணும் இடிபாடுகளும் அதன் பெரும்பகுதியை மூடிக் காத்தன. 1839ஆம் ஆண்டு ஹஜார் இம் தோண்டி வெளிக்கொணரப்பட்டது. அன்றிலிருந்து வெயிலும் மழையும் கடற்காற்றும் கல்லைத் தாக்கத் தொடங்கின. காற்றிலுள்ள உப்பு ஈரத்துடன் கல்லினுள் புகுந்து, உலரும்பொழுது படிகமாகிப் பருக்கிறது. அதனால் கல்லின் மேற்புறம் பொடிப்பொடியாக உதிர்கிறது.

இயற்கையின் தாக்குதலோடு மனிதனின் தீச்செயலும் சேர்ந்தது. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், விஷமிகள் சிலர் இம்னைத்ராவினுள் புகுந்து, சுமார் 60 கற்களைப் பெயர்த்தும் உடைத்தும் தள்ளினர். ஐயாயிரம் ஆண்டுகள் நின்ற கற்கள் ஓரிரவில் சாய்ந்தன! நாட்டு மக்கள் கொதித்தெழுந்தனர். வல்லுநர்கள் அரும்பாடுபட்டு அக்கற்களை மீண்டும் நிலைநிறுத்தினர். பின்னர், 2009ஆம் ஆண்டில் இரு கோயில்களின் மீதும் பெரிய வெண்ணிறக் கூடாரங்கள் அமைக்கப்பட்டன. அவை கட்டடத்தின் பழைய தோற்றத்தை மறைக்கின்றன என்று குறை கூறுவோரும் உளர். ஆயினும், மழையும் கடும்வெயிலும் நேரே படாமல் அவையே இன்று அக்கற்களைக் காக்கின்றன.

இக்கோயில்கள் யுனெஸ்கோ நிறுவனத்தின் உலக மரபுச் சின்னங்கள் வரிசையில் 1992ஆம் ஆண்டு இடம்பெற்றன. ஆயினும், பட்டியலில் பெயர் இருப்பதனால் மட்டும் கல் நிலைத்துவிடாது. கடல் சிதைக்கும் பாறையைத் தடுத்து நிறுத்த நம்மால் இயலாது. ஆனால், முன்னோர் கைகளால் எழுப்பியவற்றை நம் கைகளால் காக்க இயலும். மண் மூடியிருந்தவரை மண் காத்தது. வெளிப்பட்டபின் மனிதரே காவலர்.

மாணவ நண்பர்களே! பழஞ்சின்னங்களைக் காணச் செல்லும்பொழுது, அவற்றின்மீது ஏறுதலும், பெயரைக் கீறுதலும், சிறு துண்டையேனும் நினைவுக்கென எடுத்து வருதலும் கூடா. ஒருவர் எடுப்பது ஒரு துண்டுதானே என எண்ணலாம். ஆயிரவர் எடுப்பின் எஞ்சுவது யாது? கண்ணால் கண்டு, கருத்தில் பதித்து, கற்களை அவை நின்றவாறே விட்டு வருவோமாக. நமக்குப் பின் வருவோரும் அவற்றைக் கண்டு களிக்க வேண்டுமன்றோ?