பனிக்காலமும் ஆத்தாளின் போட்டோவும்

மார்கழி மாதம். காலை ஐந்து மணி. சேந்தமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். எதிரே நிற்கும் கொல்லிமலையைக் காணவில்லை. அவ்வளவு மூடுபனி!

ஊர் தூங்குகிறதா? இல்லை. வீட்டுக்கு வீடு வாசல் தெளிக்கும் சத்தம் கேட்கிறது. கோலத்தின் நடுவே சாணப் பிள்ளையார். அவர் தலையில் பூசணிப்பூ. கட்டுத்தரையில் ஒரு மூதாட்டி, தலையோடு துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பால் கறக்கிறார். செம்பிலிருந்து ஆவி எழும்புகிறது. அவரைச் சுற்றிப் பேரக் குழந்தைகள் கைகளைத் தேய்த்துக்கொண்டு நிற்கின்றன.

சேலம், நாமக்கல் பக்கத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் பார்த்த காட்சிதான் இது. ஆனால், இதன் போட்டோ உங்கள் வீட்டில் இருக்கிறதா?

கல்யாணப் போட்டோ இருக்கும். காதுகுத்துப் போட்டோ இருக்கும். மாலை போட்ட அப்பாருவின் படமும் சுவரில் இருக்கும். பால் கறக்கும் ஆத்தாளின் படம் பெரும்பாலும் இருக்காது. ஏன்? அதற்கு ஒரு கதை உண்டு.

மாட்டு வண்டியில் வந்த காமிரா

போட்டோ எடுக்கும் முறையைப் பிரான்ஸ் நாட்டார் 1839-ல் உலகுக்கு அறிவித்தார்கள். இருபது ஆண்டுகள் ஆவதற்குள் காமிரா சேலம் மாவட்டத்துக்கு வந்துவிட்டது!

கொண்டுவந்தவர் லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி. சென்னை அரசாங்கம் அவரைப் போட்டோ எடுக்கும் வேலைக்கு அமர்த்தியது. 1857 டிசம்பரில், இதே போன்ற ஒரு பனிக்காலத்தில், அவர் பெங்களூரிலிருந்து புறப்பட்டார். சாமான்கள் மாட்டு வண்டிகளில் வந்தன. ராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் வேறு சில இடங்களையும் படம் பிடித்தார். 1858-ல் அந்தப் படங்கள் சென்னையில் புத்தகமாக வெளிவந்தன. (அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்த ராயக்கோட்டை, இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது.)

கோட்டையையும் கோயிலையும் எடுத்த காமிரா, உழவனை ஏன் விட்டது? அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காலத்துக் காமிராவில் ஒரு படம் பதிய வெகுநேரம் ஆகும். கோட்டை அசையாது, மனிதன் அசைவான். அசைந்தால் உருவம் புகைபோல் கலைந்துவிடும். பால் கறப்பவரின் கையை எப்படிப் பிடிக்க முடியும்?

முட்டையில் பிறந்த படம்

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். 1850-ல் பிரான்சில் ஒரு புது முறை வந்தது. முட்டையின் வெள்ளைக் கருவை உப்போடு கலந்து காகிதத்தில் பூசுவார்கள். அதன்மேல் வெள்ளி உப்புக் கரைசலை ஏற்றிப் படத்தை அச்செடுப்பார்கள். உலகம் முழுவதும் பல்லாண்டு காலம் போட்டோக்கள் இப்படித்தான் அச்சாயின.

இன்று நாமக்கல் என்றால் முட்டை! ஆனால், முட்டைக்குப் பேர்போன இந்தச் சீமையில்தான் பல மூதாட்டிகளுக்கு ஒரு நல்ல போட்டோ இல்லை.

வண்ணப் படம் எடுத்த ஊர்

சேலத்துக்குக் காமிரா புதிதல்ல. டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த ஊர் அது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-ல் அவர்கள் எடுத்ததுதான்.

ஆனால், பக்கத்துக் கிராமங்களில் போட்டோ என்பது பெரிய செலவு. டவுனுக்குப் போக வேண்டும். ஸ்டூடியோவில் திரைக்கு முன்னால் விறைப்பாக நிற்க வேண்டும். “போட்டோ எடுத்தால் ஆயுள் குறையும்” என்ற பயம் வேறு! 1993-ல் தேர்தல் கமிஷன் போட்டோ அடையாள அட்டைக்கு உத்தரவிட்டது. வயதான பெண்கள் சிலருக்கு அந்த அட்டைப் படமே வாழ்நாளின் முதல் போட்டோ. அவர்கள் காலமானதும் அதையே பெரிதாக்கி மாலை போட்டார்கள். முகம் இருந்தது, சிரிப்பு இல்லை.

எடுக்க எத்தனையோ!

இன்று வீட்டுக்கு வீடு செல்போன். அசைவதையும் அது நொடியில் பிடிக்கும். இந்தப் பனிக்காலத்தில் பிடிக்க எத்தனையோ இருக்கின்றன.

ஜேடர்பாளையம், பரமத்தி வேலூர் பக்கம் பொங்கலுக்காக வெல்லம் காய்ச்சுகிறார்கள். கரும்புச் சக்கை அடுப்பில் எரிகிறது. கொப்பரையில் பாகு கொதிக்கிறது. ஆத்தூர், ராசிபுரம் பக்கம் சேகோ ஆலைக் களங்களில், பனி விலகட்டும் என்று காத்திருந்து ஜவ்வரிசியைக் காயப் போடுகிறார்கள். மார்கழி முடியும் நாளில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூவால் வீட்டுக்குக் காப்புக் கட்டுகிறார்கள். பிறகு பட்டிப் பொங்கல்!

சில யோசனைகள்: பனியில் செல்போன் விளக்கைப் போடாதீர்கள். பனித்துளிகளில் ஒளி பட்டுத் திரும்பி, படம் வெளுத்துவிடும். சூரியன் கிளம்பிய முதல் ஒரு மணி நேரம் நல்ல நேரம். சாய்வான வெயிலில் முகம் தெளிவாகத் தெரியும். குளிர்ந்த செல்போனோடு வெல்லக் கொட்டகைக்குள் போனால் கண்ணாடியில் ஆவி படியும். சற்றுப் பொறுத்து, மெல்லிய துணியால் துடையுங்கள்.

முக்கியமான ஒன்று: நல்ல படங்களைக் காகிதத்தில் அச்செடுங்கள். செல்போன் தொலைந்தால் படமும் தொலையும். படத்தின் பின்னால் பென்சிலால் மெதுவாகப் பெயர், ஊர், வருஷம் எழுதுங்கள். பெயர் எழுதாத படத்தில் இருப்பவர் யாரென்று பேரன் காலத்தில் சொல்ல ஆள் இருக்காது. பழைய படங்களை ஈரச் சுவரிலும் வெயில் படும் இடத்திலும் மாட்டாதீர்கள்.

படம் எடுக்கப் போனால் ஆத்தா என்ன சொல்வார், தெரியுமா?

“என்னையப் போயி எதுக்குச் சாமி போட்டோ புடிக்கறே? இரு, நல்ல சீலை கட்டிக்கிட்டு வாரேன்!”

நல்ல சீலையோடும் ஒரு படம் எடுங்கள். ஆனால், அதற்கு முன்பே, அந்தப் பழைய துப்பட்டியோடு, செம்பும் கையுமாக ஒரு படம் எடுத்துவிடுங்கள். நாளைக்குப் பேரப் பிள்ளைகள் தேடப்போவது அதைத்தான். அடுத்த மார்கழியிலும் பனி வரும். கட்டுத்தரையில் ஆத்தா இருப்பாரா என்பதை யார் சொல்ல முடியும்?