சர்வருக்குப் பெயர் வைப்பது

லினக்ஸ் சர்வரை நிறுவும்போது அதற்கு ஒரு பெயர் கேட்கும். பலரும் எதையோ தட்டிவிட்டு அடுத்த திரைக்குப் போய்விடுகிறார்கள். அந்த ஹோஸ்ட்நேம்தான் பிறகு லாக் கோப்பின் வரிக்கு வரி வந்து நிற்கும். பத்து சர்வர்களின் லாக் ஓரிடத்தில் சேரும்போது, நல்ல பெயரின் அருமை தெரியும்.

இந்தப் பெயரைக் கெர்னல் நினைவகத்தில் வைத்திருக்கிறது. அதிகபட்சம் 64 எழுத்து. 'ஹோஸ்ட்நேம்' என்ற பழைய கட்டளையால் மாற்றினால் அந்த நினைவகத்தில் மட்டுமே மாறும். மறுபடி இயக்கியதும், 'எட்ஸி' கோப்புறையில் உள்ள ஹோஸ்ட்நேம் கோப்பைப் படித்துப் பழைய பெயருக்கே திரும்பிவிடும். இப்போதைய 'ஹோஸ்ட்நேம்சிடிஎல்' கட்டளை இரண்டு இடத்திலும் மாற்றுகிறது. ஏற்கெனவே திறந்திருக்கும் டெர்மினலில் பழைய பெயரே தெரிந்தால் பயப்பட வேண்டாம். புதிதாக உள்நுழைந்தால் சரியாகிவிடும்.

டொமைன் பெயர் விஷயம்தான் பலரைக் குழப்புகிறது. சர்வரின் பெயர் 'டிபி1', டொமைன் 'எக்ஸாம்பிள்.காம்' என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான அமைப்பில் கெர்னலுக்குத் தெரிந்தது 'டிபி1' மட்டுமே. முழுப்பெயர் வேண்டுமென்றால், சர்வர் தன் பெயரைத் தானே விசாரித்துத் தெரிந்துகொள்கிறது! முதலில், பெயர்களையும் ஐபி முகவரிகளையும் இணைத்து வைத்திருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் பார்க்கும்; அங்கே இல்லையென்றால், அதே வேலையை நெட்வொர்க் வழியாகச் செய்யும் டிஎன்எஸ்ஸைக் கேட்கும்.

1983க்கு முன் இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் முழுவதற்கும் இப்படி ஒரே ஒரு ஹோஸ்ட்ஸ் கோப்புதான் இருந்தது. கலிஃபோர்னியாவின் எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. கணினிகள் பெருகி அது தாங்காமல் போனபோது பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். ஆனாலும் அந்தப் பழைய கோப்பின் வாரிசு இன்றும் ஒவ்வொரு லினக்ஸிலும் இருக்கிறது.

டெபியன் என்ற லினக்ஸ் வகையில் அதன் வரி இப்படி இருக்கும்: '127.0.1.1 டிபி1.எக்ஸாம்பிள்.காம் டிபி1'. இந்த வரிசை முக்கியம். முகவரிக்கு அடுத்து வருவதையே முழுப்பெயராக எடுத்துக்கொள்ளும். இடம் மாற்றி எழுதினால் 'ஹோஸ்ட்நேம் -எஃப்' என்று கேட்கும்போது வெறும் 'டிபி1' என்றே பதில் வரும். ஹோஸ்ட்நேமை மாற்றிவிட்டு இந்த வரியை மாற்ற மறந்தால், பல சர்வர்களில் 'சுடோ' கொடுக்கும்போதெல்லாம் ஹோஸ்ட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற எச்சரிக்கை வரும்.

பெயரில் ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு மட்டும் போதும்; அடிக்கோடு வேண்டாம். மின்னஞ்சல் சர்வர் என்றால் கூடுதல் கவனம் தேவை. அது தன்னை அறிமுகப்படுத்தும் முழுப்பெயரும், அதன் ஐபி முகவரிக்கு டிஎன்எஸ் சொல்லும் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். பொருந்தாவிட்டால் அனுப்பும் அஞ்சல் ஸ்பாமுக்குப் போகலாம், வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பப்படவும் கூடும்.